கணினிக்கும் நாள்காட்டி உண்டு

காய்ச்சலுக்கு மாத்திரை வாங்குகிறோம். மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பார்க்கிறோம். தயாரித்த மாதம் அதில் இருக்கிறது. காலாவதி ஆகும் மாதமும் இருக்கிறது. இன்றைய தேதி இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால் மாத்திரையைச் சாப்பிடலாம்.

இன்றைய தேதி நமக்கு எப்படித் தெரியும்? சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியைப் பார்க்கிறோம்.

அந்த நாள்காட்டி பத்து வருடம் பழையது என்று வைத்துக்கொள்வோம். அதை நம்பி மாத்திரையின் தேதியை ஒப்பிட்டால் என்ன ஆகும்? “இந்த மாத்திரை இன்னும் தயாரிக்கப்படவே இல்லையே!” என்று தோன்றும். அடுத்த வருட நாள்காட்டியைத் தவறுதலாக மாட்டியிருந்தால்? “காலாவதி ஆகிவிட்டது” என்று நல்ல மாத்திரையைக் குப்பையில் போடுவோம்.

மாத்திரை நன்றாகத்தான் இருக்கிறது. நாள்காட்டிதான் தவறு.

வீட்டில் இருக்கும் கணினியிலும் இப்படி நடக்கிறது. எந்த இணையதளத்தைத் திறந்தாலும் எச்சரிக்கை வருகிறது. “சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது” என்கிறது. “பாதுகாப்பு இல்லை” என்கிறது. ஒரு முறை சரி செய்தாலும் மறுநாள் திரும்ப வருகிறது. இது ஏன்? நாமே என்ன செய்யலாம்? எதைச் செய்யக் கூடாது? இந்தப் பாடத்தில் தெரிந்துகொள்வோம்.

சான்றிதழ் என்றால் என்ன?

வங்கிக்கு நேரில் போனால் கட்டடம் தெரிகிறது. பெயர்ப் பலகை தெரிகிறது. வாசலில் காவலர் நிற்கிறார். இது நம் வங்கிதான் என்று தெரிந்துகொள்கிறோம்.

இணையத்தில் கட்டடம் கிடையாது. ஒரு முகவரியை எழுதுகிறோம். ஒரு பக்கம் வருகிறது. அது உண்மையில் நாம் கேட்ட இடத்திலிருந்துதான் வந்ததா? நடுவில் வேறு யாராவது புகுந்து போலிப் பக்கத்தைக் காட்டுகிறார்களா? நம் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

அதற்காகத்தான் சான்றிதழ். ஒவ்வொரு இணையதளமும் ஓர் அடையாள அட்டை வைத்திருக்கிறது. “இந்த முகவரி இவர்களுடையதுதான்” என்று அதில் இருக்கும். சான்றளிக்கும் நிறுவனம் ஒன்று அதில் கையொப்பம் இட்டிருக்கும். எந்தெந்த நிறுவனங்களின் கையொப்பத்தை நம்பலாம் என்ற பட்டியல் நம் கணினிக்குள் இருக்கிறது. இணையதளங்களைத் திறந்து காட்டும் மென்பொருளுக்கு பிரவுசர் என்று பெயர். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் ஆகியவை பிரவுசர்கள். நாம் ஒரு தளத்தைத் திறக்கும்போது, பிரவுசர் அந்த அடையாள அட்டையை வாங்கிச் சரிபார்க்கிறது. ரயிலில் டிக்கெட் பரிசோதகர் செய்யும் வேலையைப் போன்றது இது.

பரிசோதகர் என்ன பார்ப்பார்? டிக்கெட் உண்மையானதா என்று பார்ப்பார். இந்த ரயிலுக்கு உரியதா என்று பார்ப்பார். இன்றைய தேதிக்கு உரியதா என்றும் பார்ப்பார். பிரவுசரும் இந்த மூன்றையும் பார்க்கிறது.

சான்றிதழுக்குத் தேதி எதற்கு?

தொலைந்துபோன சாவி ஒரு திருடன் கையில் கிடைத்தால் அவன் எத்தனை நாள் வேண்டுமானாலும் கதவைத் திறக்கலாம். பூட்டையே அடிக்கடி மாற்றினால் அந்தச் சாவி உதவாது. சான்றிதழுக்குக் கெடு வைப்பதும் இதற்காகத்தான்.

2020 செப்டம்பர் 1 முதல், புதிதாகத் தரும் சான்றிதழ் ஒன்று அதிகமாக 398 நாள்தான் செல்லும் என்று ஆனது. இலவசமாகச் சான்றிதழ் தரும் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்ற அமைப்பு 90 நாள் சான்றிதழ்களைத் தந்து பெயர் பெற்றது. சான்றளிக்கும் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் கூடி 2025-ஆம் ஆண்டு மேலும் ஒரு முடிவு எடுத்தன. அதன்படி, 2026 மார்ச் 15 முதல் 200 நாள். 2027 மார்ச் 15 முதல் 100 நாள். 2029 மார்ச் 15 முதல் 47 நாள்தான்.

இதில் நமக்கு என்ன சேதி? சான்றிதழின் ஆயுள் குறையக் குறைய, நம் கணினியின் தேதி சரியாக இருக்க வேண்டும். முன்பெல்லாம் கணினியின் தேதி ஒரு மாதம் தவறியிருந்தாலும் பல தளங்கள் திறந்துவிடும். இனி அப்படித் திறப்பது குறையும்.

ஒரு வீட்டுக் கதை

பெங்களூரில் ஸ்ரீராமபுரம் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா தையல் வேலை செய்கிறார். மாலையில் வகுப்புக்கு வந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். மகள் பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வீட்டில் ஒரு பழைய கணினி இருக்கிறது. மகள் படிப்புக்காகச் சீட்டுப் பணம் எடுத்து வாங்கியது.

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் அனுப்ப இன்னும் இரண்டே நாள். மகள் கணினியைத் திறந்தாள். சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது.

“அம்மா, மறுபடியும் வந்துடுச்சு. ‘யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்’னு போட்டிருக்கு. பாதுகாப்பு இல்லையாம்.”

“போன வாரம்தானே ஒருத்தர் வந்து சரி பண்ணினாரு? முந்நூறு ரூபா வாங்கிட்டுப் போனாரே!”

“அவரைத்தான் போன்ல கேட்டேன். விண்டோஸையே புதுசா போடணுமாம். ஆயிரத்து ஐந்நூறு ஆகுமாம்.”

அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு எத்தனை பிளவுஸ் தைக்க வேண்டும்!

மகள் சொன்னாள்: “என் ஃபிரெண்டு ஒரு வழி சொன்னாம்மா. கீழே ‘அட்வான்ஸ்டு’ன்னு இருக்கும். அதை அமுக்கி, ‘புரொசீட்’னு கொடுத்தா உள்ளே போயிடலாமாம். எச்சரிக்கையைக் கண்டுக்க வேண்டாமாம்.”

“அந்த விண்ணப்பத்துல என்னென்ன எழுதணும்?”

“ஆதார் நம்பர், பேங்க் அக்கவுண்ட் நம்பர், உன்னோட போன் நம்பர்.”

“அய்யோ, வேண்டாம் கண்ணு. காவல்காரன் ‘நில்லு’ன்னு சொல்லும்போது அவனைத் தள்ளிட்டு உள்ளே போவாங்களா? கொஞ்சம் இரு.”

அம்மா திரையைக் கூர்ந்து பார்த்தார். ஆங்கில எழுத்து அவருக்குத் தெரியாது. ஆனால் எண்கள் தெரியும். கீழே வலது மூலையில் சிறிய எண்கள் இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்தார்.

“சைபர் ஒண்ணு, சைபர் ஒண்ணு, இரண்டாயிரத்து ஒன்பது. ஏம்மா, இது என்ன தேதி? 2009-ல நீ கைக்குழந்தை!”

மகள் திரும்பிப் பார்த்தாள். உண்மைதான். கணினி 2009 ஜனவரி 1 என்று காட்டியது. தினமும் கணினியில் உட்காருகிறவள்தான். அந்த மூலையை அவள் பார்த்ததே இல்லை.

மாடி வீட்டில் இருக்கும் அண்ணன் மின்சாதனப் பழுது பார்ப்பவர். அவரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அக்கா, கம்ப்யூட்டரை அணைச்சதும் சுவர் சுவிட்சையும் அணைச்சுடுவீங்களா?”

“தினமும் ராத்திரி அணைச்சுடுவேன் தம்பி. கரண்ட் பில் ஏறுதில்ல.”

“அதுதான் விஷயம். உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருக்கு. அது தீர்ந்துபோச்சு. சுவிட்சை அணைச்சதும் கம்ப்யூட்டருக்கு நாள் மறந்துபோகுது. விண்டோஸ் எல்லாம் மாத்த வேண்டாம். பேட்டரி மாத்தினா போதும்.”

அன்று மாலையே பேட்டரி மாறியது. நூறு ரூபாய்கூட ஆகவில்லை. தேதியைச் சரியாக வைத்தார்கள். எச்சரிக்கை போய்விட்டது. மகள் இரவு எட்டு மணிக்கு விண்ணப்பத்தை அனுப்பினாள். ஒப்புகை எண்ணை அம்மாவே நோட்டில் எழுதி வைத்தார்.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கணினியை அணைத்த பிறகும் அதற்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். சுவர் சுவிட்ச் போட்டிருந்தால் அந்தக் கடிகாரத்துக்குச் சிறிது மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். சுவிட்சை அணைத்தால், அல்லது கரண்ட் போனால், சிறிய பேட்டரி அந்த வேலையைப் பார்க்கும்.

அந்த பேட்டரி ஒரு நாணயம்போல வட்டமாக இருக்கும். பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருப்பது ‘சி.ஆர். 2032’ என்ற வகை. இந்த எண்ணிலேயே அதன் அளவு இருக்கிறது. 20 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம். 32 என்றால் 3.2 மில்லிமீட்டர் கனம். இது 3 வோல்ட் பேட்டரி. சில ஆண்டுகள் உழைக்கும். பிறகு தீர்ந்துவிடும்.

பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் நின்றுவிடும். கணினியைத் திறக்கும்போது, அது செய்யப்பட்ட காலத்தை ஒட்டிய ஏதோ ஒரு பழைய தேதியைக் காட்டும். இன்றைய சான்றிதழை அந்தப் பழைய தேதியோடு பிரவுசர் ஒப்பிடும். “இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே” என்று மறுத்துவிடும்.

கணினிக்கு இணையம்தான் இருக்கிறதே, தானாகவே நேரத்தைக் கேட்டுச் சரி செய்துகொள்ளாதா? சிறிய வித்தியாசம் என்றால் செய்துகொள்ளும். பல ஆண்டு வித்தியாசம் என்றால் விண்டோஸ் தானாகத் திருத்தாமல் விட்டுவிடலாம். அதனால்தான் முதலில் நாம் கையால் தேதியை வைக்க வேண்டும்.

செல்போனில் இந்தத் தொல்லை குறைவு. செல்போன் கம்பெனியின் கோபுரத்திலிருந்தே அது நேரத்தை வாங்கிக்கொள்ளும்.

நாமே செய்து பார்ப்போம்

எச்சரிக்கை வந்தால் பதற வேண்டாம். பின்வரும் படிகளை வரிசையாகச் செய்யுங்கள்.

படி 1. திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். நாள், மாதம், ஆண்டு மூன்றையும் படியுங்கள். மணி சரியாக இருந்து ஆண்டு தவறாக இருக்கலாம். ஆண்டைப் பார்க்க மறக்காதீர்கள். காலை, மாலை மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 2. தேதி தவறு என்றால் திருத்துங்கள். விண்டோஸ் கணினியில், மூலையில் உள்ள கடிகாரத்தின் மேல் மௌஸின் வலது பொத்தானை அமுக்குங்கள். ‘அட்ஜஸ்ட் டேட் அண்ட் டைம்’ என்று வரும். அதைத் திறந்து சரியான தேதியை வையுங்கள்.

படி 3. அதே இடத்தில் ‘டைம் ஜோன்’ என்று இருக்கும். நம் நாட்டு நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. பட்டியலில் ‘+05:30 சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி’ என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். வேறு நாடு இருந்தால், கடிகாரம் நம் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் கணினியின் உள்கணக்கு பல மணி நேரம் தவறும்.

படி 4. ‘செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி’ என்பதைப் போடுங்கள். ‘ஸிங்க் நவ்’ என்ற பொத்தானை அமுக்குங்கள். இனி இணையம் வழியாக நேரம் சரியாகும்.

படி 5. பிரவுசரை மூடித் திறங்கள். எச்சரிக்கை போய்விட்டதா? நல்லது. ஆனால் வேலை முடியவில்லை.

படி 6. கணினியை முறையாக அணையுங்கள். சுவர் சுவிட்சையும் அணையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். தேதி மறுபடியும் பழையதுக்குப் போய்விட்டதா? அப்படியானால் பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி சரியாகவே இருந்தால், ஓரிரு நாள் காலையில் கவனித்துப் பாருங்கள்.

இந்த ஆறாவது படிதான் முக்கியம். பலர் தேதியை மட்டும் திருத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். காரணம் உள்ளேயே இருக்கிறது. அதனால்தான் தொல்லை திரும்பி வருகிறது.

பேட்டரி மாற்றுவது எப்படி?

மேசைக் கணினி என்றால், கைப்பழக்கம் உள்ளவர் வீட்டிலேயே மாற்றலாம். மடிக்கணினியையும் புதிய கணினியையும் பழுது பார்ப்பவரிடமே கொடுங்கள். கடைக்குப் போகும்போது, “உள்ளே இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரியை மட்டும் மாற்றிக் கொடுங்கள்” என்று குறிப்பாகச் சொல்லுங்கள். என்ன வேண்டும் என்று தெரிந்து கேட்டால் செலவு வளராது.

வீட்டில் மாற்றுவதானால்:

கணினியை அணைத்து, ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

கணினியின் பொத்தானைச் சில விநாடி அமுக்கிப் பிடியுங்கள். மிச்சம் உள்ள மின்சாரம் போய்விடும்.

பக்கத்துத் தகட்டைத் திறங்கள். பெட்டியின் இரும்புப் பகுதியைக் கையால் ஒரு முறை தொடுங்கள். பெரிய பச்சை அல்லது கறுப்புப் பலகையில் நாணயம்போல பேட்டரி தெரியும். எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பாருங்கள். கூட்டல் குறி உள்ள பக்கம் மேலே இருக்கும். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓரத்தில் உள்ள சிறிய கொக்கியை விலக்கினால் பேட்டரி எழும்பி வரும். புதியதை அதேபோல் வையுங்கள். தகட்டை மூடுங்கள்.

முதல் முறை திறக்கும்போது கறுப்புத் திரையில் ஏதாவது செய்தி வரலாம். தேதியை வைக்கச் சொல்லும். பல கணினிகளில் ‘டெலீட்’ அல்லது ‘எஃப் 2’ பொத்தானை அமுக்கினால் அந்தப் பகுதி திறக்கும். தேதியையும் நேரத்தையும் வைத்துச் சேமித்து வெளியே வாருங்கள். அந்தப் பகுதியில் வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

எச்சரிக்கை! பழைய பேட்டரியைக் கீழே போட்டுவிடாதீர்கள். தீர்ந்துபோன பேட்டரியும் குழந்தைகளுக்கு ஆபத்து. குழந்தை அதை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பழைய பேட்டரியை ஒட்டும் நாடாவால் சுற்றி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

தேதி சரி. ஆனாலும் எச்சரிக்கை வருகிறது

தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், அதே தளத்தைச் செல்போனில் திறந்து பாருங்கள். வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, செல்போனின் சொந்த இணையத்தில் பாருங்கள்.

செல்போனிலும் அதே எச்சரிக்கை வருகிறதா? பெரும்பாலும் தவறு அந்தத் தளத்தில்தான். அதை நடத்துபவர்கள் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்திருக்கலாம். நாம் ஒன்றும் செய்ய முடியாது. காத்திருங்கள். அவசரம் என்றால் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

செல்போனில் திறக்கிறது, கணினியில் மட்டும் திறக்கவில்லையா? மூன்று காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, கணினியின் மென்பொருள் மிகப் பழையது. நம்பத் தகுந்த நிறுவனங்களின் பட்டியல் கணினிக்குள் இருக்கிறது என்று படித்தோம். அந்தப் பட்டியலில் உள்ள சான்றிதழ்களுக்கும் கெடு உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று, பல தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழின் கெடு முடிந்தது. புதுப்பிக்கப்படாத பழைய கணினிகளிலும் பழைய செல்போன்களிலும் அன்று பல தளங்கள் திறக்காமல் போயின. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் வழக்கமான ஆதரவு முடிந்தது. எக்ஸ்.பி.யோ 7-ஓ இருந்தால், அதில் பணம் சம்பந்தமான வேலை வேண்டாம்.

இரண்டு, வைரஸ் தடுப்பு மென்பொருள். சில மென்பொருள்கள் நமக்கும் தளத்துக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் சோதிக்கும். அப்போது தளத்தின் சான்றிதழுக்குப் பதிலாகத் தன் சான்றிதழைக் காட்டும். அந்த மென்பொருள் பழையதாகிவிட்டால் எல்லாத் தளத்திலும் எச்சரிக்கை வரும். அதைப் புதுப்பியுங்கள். தேவை இல்லை என்றால் நீக்கிவிடுங்கள். விண்டோஸிலேயே ஒரு வைரஸ் தடுப்பு இருக்கிறது.

மூன்று, நாம் பிடித்திருக்கும் வைஃபை. ரயில் நிலையம், கடை போன்ற பொது இடங்களில், முதலில் நம் செல்போன் எண்ணைக் கேட்கும் பக்கம் வரும். அதை முடிக்காமல் வேறு தளத்தைத் திறந்தால் எச்சரிக்கை வரலாம். பொது வைஃபையில் வங்கி வேலை செய்யாமல் இருப்பதே நல்லது.

எச்சரிக்கையை ஏன் மதிக்க வேண்டும்?

“தேதிதானே தவறு? அடுத்து என்று அமுக்கிப் போய்விட்டால் என்ன?” என்று சிலர் கேட்கலாம்.

தேதி தவறினாலும் எச்சரிக்கை வருகிறது. நடுவில் ஒரு திருடன் நின்றாலும் எச்சரிக்கை வருகிறது. இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒரேபோல் இருக்கும். ‘அடுத்து’ என்று அமுக்கிப் பழகிய கை, திருடன் வந்த நாளிலும் அதையே அமுக்கும்.

போலிச் சான்றிதழ் வெறும் கற்பனை இல்லை. 2014 ஜூலையில் நம் நாட்டிலேயே ஒரு சம்பவம் நடந்தது. தேசிய தகவல் மையத்தின் சான்றளிக்கும் பிரிவிலிருந்து, கூகுள் நிறுவனத்தின் முகவரிகளுக்கு, கூகுளின் அனுமதி இல்லாமல் சான்றிதழ்கள் வெளிவந்திருந்தன. கூகுள் அதைக் கண்டுபிடித்துச் சொன்னது. பிறகு அவை ரத்து செய்யப்பட்டன. அரசு அமைப்பின் பெயரிலேயே இப்படி நடக்கலாம் என்றால், பிரவுசர் கண்டிப்பாக இருப்பது நம் நன்மைக்குத்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். எச்சரிக்கை வரவில்லை என்பதால் மட்டும் ஒரு தளம் நல்ல தளம் ஆகிவிடாது. மோசடிக்காரர்களும் தங்கள் முகவரிக்கு ஒழுங்கான சான்றிதழ் வாங்குகிறார்கள். சான்றிதழ் முகவரிக்குத்தான் சாட்சி சொல்லும். அந்த மனிதரின் குணத்துக்குச் சாட்சி சொல்லாது. ஆகவே முகவரியை எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

நினைவில் கொள்வோம்

எச்சரிக்கை வந்தால் முதலில் தேதி, மாதம், ஆண்டு பார்ப்போம்.

எச்சரிக்கையை மீறி ஆதார் எண், வங்கி எண், கடவுச்சொல் எதையும் எழுத மாட்டோம்.

எச்சரிக்கை வருகிறதே என்று கணினியின் தேதியை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ள மாட்டோம்.

“உங்கள் கணினியில் கோளாறு, சரி செய்கிறோம்” என்று தானாக வரும் அழைப்பை நம்ப மாட்டோம். அவர்கள் சொல்லும் மென்பொருளை ஏற்ற மாட்டோம்.

பணம் பறிபோனால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணை அழைப்போம். இது இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண்.

புதிய சொற்கள்

காலாவதி – கெடு முடிந்துபோதல்
சான்றிதழ் – உண்மை என்று உறுதி சொல்லும் பத்திரம்
பிரவுசர் – இணையதளங்களைத் திறந்து காட்டும் மென்பொருள்
மின்கழிவு – பயன்படாத மின்சாதனங்கள், பேட்டரிகள்
ஒப்புகை – பெற்றுக்கொண்டதற்கு அடையாளம்

விடை சொல்லுங்கள்

1. சான்றிதழுக்கு ஏன் கெடு வைக்கிறார்கள்?
2. கதையில் வரும் அம்மா எதைப் படித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்?
3. கணினியின் பேட்டரி தீர்ந்திருக்கிறது என்பதை எப்படிச் சோதிப்பீர்கள்?
4. கணினியிலும் செல்போனிலும் ஒரே எச்சரிக்கை வந்தால் தவறு எங்கே இருக்கும்?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. சி.ஆர். 2032 பேட்டரியின் அகலம் _____ மில்லிமீட்டர்.
2. நம் நாட்டு நேரம் உலகப் பொது நேரத்தைவிட _____ மணி முன்னால் இருக்கிறது.
3. இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் _____.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் தேதி போட்ட பொருள்கள் ஐந்தைத் தேடுங்கள். மாத்திரைப் பட்டை, பால் உறை, பிஸ்கட் பொட்டலம் என்று எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றின் கெடுவையும் நோட்டில் எழுதுங்கள். கணினி இருந்தால் அதன் மூலையில் உள்ள தேதியையும் எழுதுங்கள். நாள்காட்டியோடு ஒப்பிடுங்கள்.

கலந்து பேசுங்கள்

கதையில் மகள் பி.யூ.சி. படித்தவள். அம்மா எண்களை மட்டும் படிக்கத் தெரிந்தவர். ஆனாலும் தவறைக் கண்டுபிடித்தது அம்மாதான். ஏன்? நாம் தினமும் பார்த்தும் படிக்காமல் விடும் எழுத்துகளும் எண்களும் எவை? ரேஷன் கடை ரசீது, மின்கட்டணச் சீட்டு, பேருந்துச் சீட்டு ஆகியவற்றை அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து படிப்போம்.